தாழ்நினைவும் அதனை வென்றோர் வரலாறும்

தோற்றுவாய்

மக்கட்குற்ற பகை, புறப்பகையும் அகப்பகையும் என இருதிறப்படும். புறத்தே நிற்கும் பகையைக் காண்டல் எளிது. கண்டு விலகுதலும் ஒருவாறு கூடும். அகத்தே நிற்கும் பகையோ நமது குரலையே தன் குரலாகக் கொண்டு பேசுவது. ஆதலின் அதனைப் பகையென்று உணர்தற்கே நெடுநாட் செல்லும். ‘யான் ஒன்றற்கும் உதவேன், உலகம் எனக்கு இடையூறே செய்யும், இனி வருவதும் தீங்கே’ என்று உள்ளத்தே எழும் ஒலி அத்தகைய அகப்பகைகளுள் தலையாயது. துன்பம் வந்துழி அஃது ஒருகால் தோன்றி மறையுமாயின் பெருங்கேடில்லை. நாடோறும் தோன்றி, பலகாலும் நடந்தமையால் விழுந்த ஒற்றையடிப் பாதைபோல உள்ளத்திற் பதிந்துவிடுமாயின், நன்மை நிகழ்ந்தபோதும் மனம் அப்பாதையிலேயே செல்லும். வழக்கமாய்விட்ட இவ்வெண்ணத்தை இக்கட்டுரையுள் ‘தாழ்நினைவு’ என்று வழங்குவாம்.

இதனை ஈண்டு ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் அன்பர்களுட் சிலர் தாழ்நினைவையே பணிவென்று மயங்குகின்றனர். அருளாளர்கள் தம்மைக் கடையரென்று கூறிக்கொண்டனரன்றோ, யாமும் அங்ஙனம் எண்ணுதல் அடியார் இலக்கணமன்றோ என்பது அவர்தங் கருத்து. வேறு சிலர், எல்லாம் வினைப்பயன், மனத்தை மாற்ற முயலுதல் வீண் என்று வாளா இருக்கின்றனர். இவ்விரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அடியேனும் இம்மயக்கத்துட் பட்டவனே. தமிழாசிரியப் பணியினின்றும் ஓய்வுபெற்ற முதலாண்டில், வைகறையில் விழித்தெழுந்தவுடனே, ‘இத்துணை யாண்டு கற்பித்தாய், யாது பயன்? உன்னை நினைப்பார் யாருளர்?’ என்றொரு வினா எழும். நீராடித் திருநீறணிந்து ஓத அமர்ந்தாலும் அவ்வினா உடன்வந்து அமரும். அதனைப் பற்றறுதியின் அறிகுறி என்றே கருதினேன். ஓராண்டு கழிந்தபின், அற்றது பற்றன்று, ஊக்கமே என்று கண்டேன். பாடங் கேட்க வந்த இளைஞரையும் ஏதோ ஒரு காரணங் கூறித் திருப்பி அனுப்பும் நிலை வந்துவிட்டது. அப்பொழுதே இப்பகையை முன்னோர் எங்ஙனம் எதிர்த்தனர் என்று நூல்களைத் தேடத் தலைப்பட்டேன். அத்தேட்டத்திற் கிடைத்தவற்றைக் கூறுதும்.

நம் நாட்டு நூல்கள்

பாளி மொழியிலுள்ள மச்சிம நிகாயத்தின் இருபதாவது சூத்திரம், தீய எண்ணங்களைத் தணிக்கும் வழி ஐந்தனை முறையே கூறுகின்றது. மனத்தொழில்பற்றிய ஆராய்ச்சியாகலின் இதனை ஈண்டு எடுத்துக்கொண்டோமன்றி, அச்சமயக் கொள்கையை உடன்பட்டன்று. முதலாவது வழி, தீய எண்ணத்தை எழுப்பும் பொருளை விடுத்து நல்லெண்ணத்திற்குரிய பொருளில் மனத்தை வைத்தல். தச்சன் பருத்த ஆப்பை நுண்ணிய ஆப்பினால் அடித்து வெளிப்படுத்துதல் இதற்கு உவமை. அது பயன்படாதாயின் அவ்வெண்ணத்தால் விளையுங் கேட்டை நோக்குதல். அதுவும் பயன்படாதாயின் அதனைப் பொருட்படுத்தாது விடுதல். பின்னர், அவ்வெண்ணம் எழுதற்கு ஏது யாதென்று படிப்படியாக ஆராய்ந்து தணித்தல். இவை யாவுந் தவறியபோதே பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் அடக்குதல். வலிந்தடக்குதல் இறுதிக்கண் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. நாமோ பெரும்பாலும் அதனையே முதற்கண் செய்து தோற்கின்றோம்.

பதஞ்சலி முனிவரும் தமது யோகசூத்திரத்துச் சாதன பாதத்தில், இயம நியமங்களுக்கு மாறான எண்ணங்கள் வந்து வருத்துங்கால் அவற்றின் எதிர்ப்பொருளைப் பாவித்தல் வேண்டும் என்று விதித்தனர். இது பிரதிபக்ஷ பாவனை எனப்படும். அவ்வெண்ணங்கள் துன்பமும் அறியாமையும் ஆகிய முடிவில்லாப் பயனைத் தருவன என்று சிந்தித்தலே அப்பாவனையின் இயல்பென்பதும் அவரே கூறியது. ஆகவே எதிர்நினைவு என்பது இனிய சொற்களை வாயால் உருப்போடுதலன்று; எண்ணத்தின் விளைவை அறிவால் நோக்குதலாம்.

அடிமையாயிருந்த ஆசிரியர்

இனி, யவன உரோம நாடுகளில் இவ்வாராய்ச்சி நிகழ்ந்த முறையைக் காண்போம். கி. பி. 50-ஆம் ஆண்டளவில், இன்று துருக்கி நாட்டின்கண் உள்ள ஹீராப்பொலிஸ் என்னும் ஊரில் எபிக்டெட்டஸ் என்பவர் பிறந்தார். இவர் அடிமையாயிருந்தவர், உரோமாபுரியில், நீரோ மன்னனிடம் செயலாளனாயிருந்த எபாப்ரொடைட்டஸ் என்பவனுக்கு உடைமையாயினார். கால் முடம். அடிமையாயிருக்கும்பொழுதே முசோனியஸ் ரூபஸ் என்னும் ஆசிரியரிடம் ஸ்டோயிக் தத்துவத்தைப் பயின்று, பின்னர் விடுதலை பெற்றுத் தாமும் ஆசிரியராயினார். டொமிஷியன் என்னும் அரசன் தத்துவ ஆசிரியர்களை உரோமாபுரியினின்றும் ஓட்டியபொழுது, யவன நாட்டின் மேற்கரைப் பக்கத்து நிக்கோபொலிஸ் நகரஞ் சென்று அங்கே பள்ளி அமைத்தார். அவர் தாமாக நூலொன்றும் எழுதிற்றிலர். மாணாக்கராகிய ஆரியன் என்பவர் கேட்டவாறே எழுதிவைத்த சொற்பொழிவுகளுள் நான்கு பகுதிகளும், அவற்றின் சாரமாகிய சிறு கையேடு ஒன்றும் நமக்குக் கிடைத்துள்ளன.

அவர் கொள்கையைச் சுருங்கக் கூறின் இதுவாம்: மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சியன்று, அந்நிகழ்ச்சியைப்பற்றி அவர்தாம் கொண்ட தீர்மானமே. நிகழ்ச்சி நம் வசத்தன்று. தீர்மானம் நம் வசத்தது. உள்ளத்தே ஒரு தோற்றம் வந்தவுடன் அதற்கு உடன்பாடு கொடுத்துவிடாமல், சற்றே நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று வினவுதல் வேண்டும் என்பர். இரவிற் கதவைத் தட்டுவோனை ஊரும் பேரும் வினவாது உள்ளே விடுவார் இலரன்றோ? எண்ணங்களை மட்டும் நாம் வினவாமலே உள்ளே விடுகின்றோம்.

வழக்கத்தைப்பற்றி அவர் கூறியது மிகவும் பயனுடையது. எத்தொழிலும் செய்யச் செய்ய வலுப்பெறும். நடத்தலால் நடையும், ஓதலால் ஓதுதலும் வலுப்பெறுவனபோலச் சினமும் சோர்வும் ஒவ்வொருமுறை இடங்கொடுக்குந்தோறும் வலுப்பெறும். ஆதலின் சினவியல்புடையான் தான் சினவாத நாள்களை எண்ணிவருதல் வேண்டும் என்பர். முன்னர் நாடோறுஞ் சினந்தவன் ஒருநாள் விட்டொருநாள் சினப்பானாய், பின்னர் இருநாள் மூன்றுநாள் விட்டுச் சினப்பானாய், முப்பது நாள் சினவாது கழிப்பானாயின் அவன் கடவுளுக்கு நன்றிப் பலி செலுத்துக என்பது அவர் கூறிய முறை. நோயை ஒரே நாளில் ஒழிப்பேன் என்னும் செருக்கும் இல்லை. ஒழிக்கவே முடியாது என்னும் சோர்வும் இல்லை. நாளெண்ணுதல் என்னும் எளிய தொழிலொன்றே உள்ளது.

அரசர் எழுதிய குறிப்பேடு

எபிக்டெட்டஸின் சொற்பொழிவுப் பிரதி ஒன்று ருஸ்டிக்கஸ் என்பவர் வாயிலாக ஓர் இளைஞர் கைக்கு வந்தது. அவரே மார்க்கஸ் அரேலியஸ் (கி. பி. 121–180). 161-இல் உரோம சக்கரவர்த்தியாயினார். அடிமையின் சொல் அரசர்க்கு மருந்தாயிற்று. அவர் ஆட்சியின் பெரும்பகுதி துன்பக் காலம். 165-ஆம் ஆண்டளவிற் கிழக்கிலிருந்து வந்த படையுடன் கொள்ளைநோய் பரவிப் பல்லாயிரவரைக் கொன்றது. வடக்கே டான்யூப் ஆற்றெல்லையில் போர் மூண்டது. மக்கள் பலரை இளமையிலேயே பறிகொடுத்தார். ஆற்றெல்லைப் பாசறையில் இருந்துகொண்டு, யவன மொழியில், தமக்குத் தாமே அறிவுரையாகச் சில குறிப்புக்களை எழுதினார். அவை பன்னிரு பகுதிகளாக உள்ளன. பகுதிகளுள் ஒன்று, இன்றைய ஆஸ்திரிய நாட்டிலுள்ள கார்னுண்டம் என்னும் பாசறைப் பெயரைத் தாங்கியுள்ளது. பிறர் படித்தற்கென்று எழுதியவையல்ல. 1559-ஆம் ஆண்டிலேதான் முதன்முறை அச்சேறின. தமிழில் இராஜாஜி அவர்கள் இந்நூலை ஆத்ம சிந்தனை என்னும் பெயரால் தந்துள்ளார்கள்.

இக்குறிப்பேட்டைப் படிப்போர்க்கு முதலில் வியப்புத் தோன்றும். பேரரசர், ஒன்றையே பலகாலும் எழுதுவானேன்? காலையில் எழ மனமின்மை, பிறர்மேல் வெறுப்பு, புகழ்நசை, சாவச்சம் ஆகிய இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. அதற்கு விடை வெளிப்படை. தாழ்நினைவு நாடோறும் வருவதாகலின் மருந்தும் நாடோறும் வேண்டும். ஒருமுறை தெளிந்தமையால் என்றும் தெளிந்தோம் என்று அவர் கருதிற்றிலர்.

அந்நூலின் ஐந்தாம் பகுதியில், ஆன்மா தன் எண்ணங்களின் சாயத்தை ஏற்கும் என்னும் கருத்து அமைந்துள்ளது. இதனைக் கண்டவுடன் அடியேன் திடுக்குற்றேன். மெய்கண்ட சந்தானத்தார் ஆன்மாவிற்குக் கூறும் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்னும் இலக்கணம் நினைவுக்கு வந்தது. படிகம் தன்னைச் சார்ந்த நிறத்தைக் காட்டும் என்பது நம்மவர் காட்டும் உவமை. ஒருவரை யொருவர் அறியாத இருநாட்டார் ஒரே உண்மையை அணுகியமை கருதத்தக்கது. ஆயினும் வேறுபாடும் உண்டு. சாயம் ஏறிய துணி வேறு. நிறங்காட்டும் படிகம் வேறு. படிகத்தின்மேல் தோன்றும் நிறம், சார்ந்த பொருள் நீங்கியவுடன் நீங்கும். படிகம் தன் தூய்மையை ஒருபொழுதும் இழந்ததில்லை. தாழ்நினைவுடையார்க்கு இதனினும் ஆறுதலான கொள்கை வேறு யாதுளது?

மருத்துவர் கண்ட உண்மை

இனி, பல நூற்றாண்டு கடந்து, ஐக்கிய அமெரிக்க நாட்டிற்குச் செல்வாம். பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ஆரன் பெக் (1921–2021) என்னும் மருத்துவர் மனச்சோர்வு நோயை ஆராய்ந்து வந்தார். பிறர்மேற் கொண்ட சினம் உள்நோக்கித் திரும்புதலே அந்நோய்க்குக் காரணம் என்பது பிராய்டு என்பவர் வழிவந்தோர் கொள்கை. பெக் அதனை நிறுவும் பொருட்டே நோயாளர்களின் கனவுகளை ஆராய்ந்தார். எதிர்பார்த்த சினம் அக்கனவுகளிற் காணப்படவில்லை. தோல்வியும் இழப்பும் பிறரால் ஒதுக்கப்படுதலுமே காணப்பட்டன. தாம் நிறுவப் புகுந்த கொள்கை பொய்த்தபோது அதனைக் கைவிடும் நேர்மை அவர்பால் இருந்தது.

நோயாளர் வாய்விட்டுப் பேசும் எண்ணங்களுக்கு அடியில், அவர்தாமும் நன்கு கவனியாத வேறோர் எண்ண ஓட்டம் விரைந்து செல்வதையும் அவர் கண்டார். அவ்வெண்ணங்கள் அழையாமலே தோன்றுவன. ஆராயப்படாமலே மெய்யென்று கொள்ளப்படுவன. தன்னைப்பற்றியும், உலகைப்பற்றியும், எதிர்காலத்தைப்பற்றியும் என அவை முத்திறப்படும். தோற்றுவாயிற் கூறிய மூன்று வாக்கியங்களையும் அன்பர்கள் மீண்டும் நோக்குக. 1961-இல் நோயின் அளவை அறிதற்கு இருபத்தொரு வினாத்தொகுதி ஒன்றை அவர் வெளியிட்டார். 1977-இல், நாற்பத்தொரு நோயாளரைக்கொண்டு, எண்ணத்தை ஆராயும் இம்முறையும் இமிப்ரமீன் என்னும் மருந்தும் ஒப்புநோக்கப்பட்டன. இம்முறை மிக்க பயன் தந்தது. பின்னிகழ்ந்த பெரிய ஆராய்ச்சிகள் மருந்தும் இம்முறையும் ஏறக்குறைய ஒத்த பயன் தருவன என்று காட்டின. 1979-இல் அவரும் துணைவர் மூவரும் வெளியிட்ட நூலில், தம் முறையின் தத்துவ வேர் ஸ்டோயிக் ஆசிரியர்களிடம் உள்ளதென்பதை ஒப்புக்கொண்டனர்.

முறை யாதெனின்: எண்ணத்தை ஏட்டில் எழுதுதல்; அதற்குச் சார்பான சான்றும் மாறான சான்றும் எதிரெதிரே எழுதுதல்; ஒன்றினைக்கொண்டு எல்லாவற்றையும் முடிவுகட்டினோமா, நிகழாததை நிகழ்ந்ததாகக் கொண்டோமா என்று நோக்குதல்; பின்னர்ச் சிறுசெயல் ஒன்றைச் செய்து பார்த்தல். மருத்துவர் நோயாளரைக் கண்டித்தலும் இல்லை, புகழ்தலும் இல்லை. இருவரும் கூடியிருந்து மெய் யாதென்று தேடுகின்றனர். ஈண்டு ஒன்று வற்புறுத்துதல் வேண்டும். உணவும் உறக்கமும் நீங்கி, உயிர்வாழ்தலே வேண்டாம் என்னும் எண்ணம் எழுமாயின் அது நோய். அத்தகையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே நம் கடன். அறிவுரை கூறிக் காலந்தாழ்த்தல் பாவம்.

வீண் நம்பிக்கை நன்னினைவன்று

தாழ்நினைவை விடுதல் என்றால், எல்லாம் நன்றே முடியும் என்று எண்ணிக்கொண்டிருத்தலோ எனின், அன்று. ஸ்டாக்டேல் என்னும் அமெரிக்கக் கடற்படை விமானி வரலாறு இதற்குச் சான்று. 1965-ஆம் ஆண்டு செப்டம்பரில் வட வியட்நாமின்மேற் பறக்கும்பொழுது அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 1973-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, ஏழாண்டிற்கு மேல் ஹானோய் நகரச் சிறையில் இருந்தார். அவற்றுள் நான்காண்டு தனிச்சிறை. கால் முறிந்து ஊனமாயிற்று. கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் கொடுத்த எபிக்டெட்டஸின் கையேடு அவர் உள்ளத்தில் இருந்தது. முடவராகிய அவ்வாசிரியரே சிறையில் அவர்க்குத் துணையாயினார்.

சிறையிற் பிழையாது மடிந்தோர் எத்தகையார் என்று பிற்காலத்தில் வினவியபொழுது, வீண் நம்பிக்கை கொண்டோரே என்று அவர் விடையிறுத்தார். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குள் விடுதலை என்று நம்புவர். அது கழிந்தால் ஈஸ்டர் விழாவிற்குள் என்பர். நாள்கள் கழியக் கழிய நெஞ்சுடைந்து மடிந்தனர். முடிவில் வெல்வேன் என்னும் உறுதியையும், இன்றைய நிலை இத்துணைக் கொடிது என்னும் மெய்யறிவையும் ஒருங்கே பற்றுதல் வேண்டும் என்பது அவர் துணிபு. எனவே நன்னினைவாவது இனிய பொய்யன்று, முழு மெய். தாழ்நினைவு தீயதாவது கசப்பானதனாலன்று. அரைமெய்யை முழுமெய்யென்று காட்டுதலினாலேயாம்.

பணிவும் தாழ்நினைவும்

இனித் தோற்றுவாயிற் கூறிய இரு மயக்கங்களையும் ஆராய்வாம்.

எல்லாம் வினைப்பயன் என்பார், வினையை மூவகையாக வகுத்த நம் நூல்களை மறந்தனர். நுகரும் வினையாகிய பிராரத்தம் ஒன்று. நுகருங்கால் மனம் வாக்குக் காயங்களால் புதிதாக ஈட்டும் ஆகாமியம் மற்றொன்று. வந்த துன்பம் பிராரத்தமாகலாம். அதனைப்பற்றி இடைவிடாது எண்ணும் தாழ்நினைவோ மனத்தொழில். அது விளைவு மட்டும் அன்று, மேலும் விதைத்தலுமாம். விதைக்கும் கையை நிறுத்துதல் வினைக்கொள்கைக்கு மாறாவது எங்ஙனம்?

தாழ்நினைவைப் பணிவென்பார்க்கு ஆணவம் என்னும் சொல்லே விடை கூறும். ஆன்மா இயல்பில் வியாபகம் உடையது. அதனை அணுத்தன்மைப்படுத்திச் சிறியதாகக் காட்டுதலின் அம்மலம் ஆணவம் எனப்பட்டது. உலகவழக்கில் அகங்காரத்தையே ஆணவம் என்கின்றோம். ‘யான் பெரியன்’ என்பது அதன் ஒரு முகம். ‘யான் ஒன்றற்கும் உதவேன்’ என்பது மற்றொரு முகம். இரண்டினும் எழுவாய் யான் என்பதே. இரவும் பகலும் தன்னையே இகழ்ந்துகொண்டிருப்பவன் இரவும் பகலும் தன்னையே நினைந்துகொண்டிருக்கின்றான்; இறைவனை நினைத்தற்கு அவனுக்குப் போழ்தில்லை.

அருளாளர் பணிவு இத்தகையதன்று. திருநாவுக்கரசு சுவாமிகள் தம்மை இழித்துப் பாடிய இடங்கள் பலவுள. அவரே, பல்லவ மன்னன் ஆணை வந்தபொழுது எவர்க்கும் அடிமையல்லேம் என்னும் கருத்துப்பட மறுமாற்றத் திருத்தாண்டகம் பாடியருளினார். நீற்றறையினும் கடலினும் நெஞ்சு கலங்கிற்றிலர் என்பது பெரியபுராண வரலாறு. தம்மைக் கடையர் என்ற வாய் அரசனுக்கு அஞ்சாமை எங்ஙனம்? இறைவன்முன் தாழ்ந்தமையாலேயே பிறிதொன்றன்முன் தாழ வேண்டாதாயிற்று. பணிவு ஒருவனை எழுந்து நின்று தொண்டு செய்விக்கும். தாழ்நினைவு அவனைப் படுக்கையிற் கிடத்தும். இதுவே இரண்டையும் பிரித்தறியும் உரைகல்.

முடிவுரை

இவ்வளவும் கற்றபின், அடியேனும் ஒருநாள் வைகறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ‘உன்னை நினைப்பார் யாருளர்?’ என்னும் வினாவை எழுதி, எதிர்ப்பக்கத்தில் சான்று எழுதத் தொடங்கினேன். சென்ற வாரம் பழைய மாணாக்கர் ஒருவர், தம் மகட்குப் பெயர் சூட்டும் விழாவிற்கு அழைத்துக் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதம் விடையெழுதப்படாமலே மாடத்தில் கிடந்தது. நினைப்பார் இலர் என்று வருந்தியவன் நினைத்தார்க்கு விடையும் எழுதவில்லை! கற்பித்தவற்றுட் சில பயன்படாமற் போயினமையும் மெய். அதனையும் ஒளியாது எழுதினேன். இரண்டையும் ஒருங்கு நோக்கியபொழுது, நெஞ்சின் பாரம் பாதியாயிற்று. அன்றே கடிதத்திற்கு விடையெழுதினேன். திருப்பி அனுப்பிய இளைஞருக்கும் ஆளனுப்பினேன். இப்பொழுது வாரம் இருமுறை பாடம் நிகழ்கின்றது.

எபிக்டெட்டஸ் கூறிய முப்பது நாள் இன்னும் நிரம்பவில்லை. பத்தொன்பது வரை எண்ணி, மறுநாள் தவறி, மீண்டும் ஒன்று என்று தொடங்கியதுண்டு. அதனாலும் இழுக்கில்லை. மீண்டும் ஒன்று என்று எண்ணுபவன் தோற்றவன் அல்லன். செம்பிற் களிம்பு செம்பின் இயல்பன்று. தேய்க்குந்தோறும் செம்பே வெளிப்படும். அன்பர்களும் நாளைக் காலையில் எழும் முதல் எண்ணத்தை வாயிலில் நிறுத்தி, ஊரும் பேரும் வினவி, அதன்பின் உள்ளே விடுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.